உன் கல்யாணக் கார்டில் என் இருவாச்சி

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணக் கார்டுகள் நேற்று வந்து சேர்ந்தன. பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். சிவப்பு அட்டை, தங்க எழுத்து, நடுவில் அலகோடு அலகு உரசிக்கொண்டு இரண்டு இருவாச்சிப் பறவைகள், அவற்றுக்கு மேலே ஓர் இதயம். கீழே என் கவிதையின் கடைசி வரிகள். அதற்கும் கீழே, 'மணமகனின் தாயார் எழுதியது'. எனக்குத் தெரியாமல் செய்து என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறாய், புரிகிறது. ஆனால் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் கார்டை நாலாகக் கிழித்துப் போட்டேன். நல்ல கனமான அட்டை, கிழிக்கவே கை வலித்தது. உன்னிடம் இருக்கும் கார்டுகளை யாருக்கும் கொடுக்காதே. ஏன் என்று சொல்ல ஃபோனை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஃபோனில் நீ நடுவில் பேசுவாய், நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். நமக்குள் எல்லாமே அப்படித்தான் நடக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இதை அந்தக் கவிதை வந்த பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அந்தக் கவிதையைக் கல்யாண மேடையில் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். மகளுக்கு ஃபிரேம் போட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது. உன் பெயர் இதில் வராது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் பெயரை மாற்றி, தர்ஷினி என்று வைத்திருக்கிறேன். அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ என் மகன், உன் மேல் எனக்கு உயிர். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் அவள் பக்கம்.

உன் அம்மாவை இந்த வட்டாரத்தில் இயற்கைக் கவிஞர் என்று சொல்கிறார்கள். நீயும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். நான் எப்படி அந்த வேலைக்கு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நம் தோட்டத்துக்குப் பக்கத்தில், பாடாங் செராயில் நானா கடை என்று தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடை இருந்தது. பத்திரிகை, வெற்றிலை, ஊதுபத்தி, ஊரிலிருந்து வரும் வாரப் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான். நீ கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் மாவு வாங்கப் போன இடத்தில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம் கிடந்தது. தமிழ்நாட்டுக் கவிஞர், நான் கேள்விப்படாத பெயர். புரட்டினேன். ஒரு பருந்து, ஒரு கோழிக்குஞ்சு, ஒரு முற்றம். பருந்து இறங்கியது, ஏறியது, முற்றம் இருந்தது. அவ்வளவுதான் கவிதை. ஐயோ பாவம் என்று ஒரு சொல் இல்லை. கொடிய பருந்து என்று இல்லை. அதுவரை நான் பள்ளிக்கூடத்தில் படித்த கவிதையில் நிலா சிரிக்கும், தென்றல் தாலாட்டும். இந்த மனுஷர் எதையும் தாலாட்டவில்லை. நின்ற இடத்திலேயே மறுபடி முதலிலிருந்து படித்தேன். "எடுத்துக்கிட்டுப் போம்மா, இதை யாரும் வாங்க மாட்றாங்க," என்றார் நானா.

அந்தப் புத்தகத்தை நான் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துப் படித்தேன். படித்துப் படித்து அவர் வழியைப் பிடித்துக்கொண்டேன். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அழகு, கொடுமை, பாவம் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. முடிந்தவரை 'போல' போடக் கூடாது. ஏன் என்று விளக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் எங்கும் விதியாகச் சொல்லவில்லை, கவிதைகளிலிருந்து நானாக எடுத்துக்கொண்டது. வெளிக்காட்டு வேலைக்குப் போய் உரம் போடும் நேரத்திலும் என் கண் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் செம்பனைக் காடு, எண்ணெய் எடுக்கும் பனை, எனக்கு வேலை செய்யும் இடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே நடப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

என்ன நடந்தது தெரியுமா? கொலைதான் நடந்தது. உடும்பு கோழிக்கூட்டில் தலையை விட்டு முட்டையையும் குஞ்சையும் ஒன்றாக விழுங்கும். எலியைப் பிடித்த பாம்பு அது துடிப்பதை நிறுத்தும்வரை அவசரப்படாது. கம்பியில் மாட்டிய காட்டுப்பன்றி தன் காலைத் தானே கடித்து அறுத்துவிட்டுப் போயிருந்தது, கம்பியில் காலை மட்டும் பார்த்தேன். மேலே இருந்து வெட்டி விடும் மட்டை சரியாக விழாவிட்டால் கீழே நிற்பவனின் தோளை முள்ளோடு கிழித்துக்கொண்டு இறங்கும். இதையெல்லாம் எழுதினேன். நீ எழுதுகிறாயே, ஃபேஸ்புக்கில், கோத்தா கோலா மூடா கடற்கரையில் நின்று படம் எடுத்துப் போட்டு, அலை உன் காலை முத்தமிடுகிறது என்று. அந்த ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பார். சுனாமியில் அந்தக் கடல் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து ஆட்களை எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் முத்தத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இப்போது உங்கப்பாவுக்கு வருகிறேன். நீ எழுந்து போய்விடாதே. உங்கப்பா தோட்டத்தில் மண்டோர், நாற்பது ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர், எல்லாருக்கும் நல்லவர். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் அவர்தான். வீட்டுக்குள் என்னை அடித்தார். கல்யாணமான முதல் வருடத்தில் தொடங்கி, இனிப்புநீர் வியாதி வந்து அவர் கால் போகும்வரை அடித்தார். குடித்துவிட்டு இல்லை. அவர் குடிக்க மாட்டார், உனக்கே தெரியும். தெளிவாக இருந்துதான் அடித்தார். முகத்தில் அடிக்க மாட்டார், முதுகு, தோள், தொடை. ஒருமுறை பழம் அள்ளும் முள்கம்பியின் பிடியால் அடித்ததில் எனக்கு மூச்சே நின்று போய் வந்தது. நீ தூங்கிய பிறகோ பள்ளிக்குப் போன பிறகோதான் நடக்கும். உனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டது உண்டு. சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து நான்கு வரியில் முடிந்துவிட்டது.

நான் எழுதுவது தெரிந்தபோது அவர் முதலில் கேட்டது, "எவனுக்குடி எழுதுற?" பத்திரிகையில் என் பெயர் வந்தால் ஆம்பிளைகள் படிப்பார்களாம். நோட்டைப் பிடுங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மரம், மழை, உடும்பு, பன்றி. அவருக்கு நிம்மதி. "மரம் மட்டை பத்தி எழுது, அதுல தப்பில்ல," என்றார். அதற்குப் பிறகு எதை அனுப்பினாலும் அவர் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். தணிக்கை அதிகாரி தோற்றார், போ. 'அவன்' என்று ஒரு சொல் வந்தால் விரலை வைத்துவிடுவார்.

"யாரு இந்த அவன்?"

"சூரியன்."

"சூரியனுக்கு எதுக்கு அவன்? அதுன்னு போடு."

போட்டேன். என் கவிதைகளில் மனிதர்களே இல்லை, வெறும் பறவையும் மிருகமும்தான், எவ்வளவு புதுமை என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். புதுமையாவது மண்ணாவது. மனிதர்களை எழுதினால் எனக்கு அடி விழும். உங்கப்பா விட்டு வைத்த ஒரே இடம் இயற்கை. அந்த இடத்தில் நான் நின்றுகொண்டேன், அந்தக் கவிஞர் அங்கே எப்படி நிற்பது என்று கற்றுக்கொடுத்தார்.

அந்தக் கவிஞர் ஒருமுறை சுங்கை பட்டாணிக்கு வந்தார். ஏதோ இலக்கியக் கூட்டம், மண்டபத்தில் மதியம். பத்திரிகையில் செய்தி பார்த்ததிலிருந்து நான் உங்கப்பாவிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். சரி, நானே அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டோம். நான் பச்சைப் புடவை கட்டி, கொஞ்சம் பூ வைத்தேன். கையில் அந்தப் புத்தகம், அவரிடம் கையெழுத்து வாங்க. உங்கப்பா காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குக் காட்ட இவ்வளவு ஜோடிப்பு?" நான் பதில் சொன்னேன். அது என் வாய், சும்மா இருக்காது. "உங்களுக்குக் காட்டத்தான்னு வச்சிக்கிட்டா என்ன கொறைஞ்சு போகும்?" என்றேன். ஒரே தள்ளு. நான் வீட்டுக்குள் போய் விழுந்தேன். எழுந்து வெளியே வரக் கிரில் கதவைப் பிடித்தேன். அவர் அந்தக் கதவை வெளியிலிருந்து ஓங்கிச் சாத்தினார். என் வலது கை நடுவிலே இருந்தது.

நீ சின்ன வயதில் என் மோதிர விரலைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்ப்பாய், ஞாபகம் இருக்கிறதா? காரின் கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி வைத்திருந்தோம். அது இந்தக் கதவு. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, பிறகுதான் வலி வந்தது. அவரும் பார்த்தார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். பின்கதவுக்கும் அந்தப் பூட்டுதான், சாவி அவரிடம். நான் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, முன்ஜன்னல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். தோட்டத்து மேல்வரிசை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வேலையில். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கத்தினால் யாராவது வருவார்கள், வந்தால் உங்கப்பாவுக்கு அவமானம், அவமானத்துக்கு வேறு தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

ஜன்னலுக்கு எதிரே அந்தத் தூங்குமூஞ்சி மரம். கிளை முறிந்து விழுந்த இடத்தில் ஒரு பொந்து, அதில் இருவாச்சி கூடு கட்டியிருந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள், நீயும் அப்படித்தான் சொல்வாய். பெண்பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். ஆண்பறவைதான் வெளியிலிருந்து தீனி கொண்டுவந்து கொடுக்கும். அதுவரை பழம் கொண்டுவருவதைத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அது மைனாக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தது. இறகு முளைக்காத குஞ்சு, உயிரோடு இருந்தது, வாய் திறந்து திறந்து மூடியது. மைனாக்கள் இரண்டும் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தன. இருவாச்சி கிளையில் உட்கார்ந்து குஞ்சைக் கிளையில் அடித்தது. இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. எலும்பெல்லாம் நொறுங்கித் துணியாகத் தொங்கும்வரை அடித்தது. பிறகு பொந்துக்குப் பறந்து வந்து, தலையைச் சாய்த்து, அந்தப் பெரிய அலகின் நுனியால், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக, கீறல் வழியே நீட்டியது. உள்ளேயிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரம் உங்கப்பா வந்தார். கையில் பொட்டலம். நானா கடை வரிசையில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் எனக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ், எலுமிச்சை தனியாகக் கட்டி வாங்கி வந்திருந்தார். பூட்டைத் திறக்கவில்லை. கிரில் கம்பிக்கு நடுவே பொட்டலத்தை நீட்டினார். குரல் அப்படியே இறங்கியிருந்தது, புதுமாப்பிள்ளைக் குரல். "பசியாறிட்டியா?" என்று கேட்டார்.

தம்பி, இந்த நாட்டில் நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற முதல் வார்த்தை அது. பசியாறிட்டியா, பசியாறியாச்சா, வாங்க பசியாறலாம். இதைவிட அன்பான வார்த்தை நமக்கு ஏது? என் வீட்டில் அது அடி முடிந்துவிட்டது என்பதற்கான வார்த்தை. அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. பசியாறிட்டியா என்றுதான் கேட்பார். நான் சாப்பிட்டால் விஷயம் முடிந்தது, சாப்பிடாவிட்டால் மறுபடி தொடங்கும். நான் இடது கையால் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கையில் மாவுக்கட்டோடு இருந்த நாட்களில் மனதுக்குள்ளேயே எழுதினேன் அந்தக் கவிதையை. முழுதாக இதோ. உன் கார்டில் இருப்பது அதன் வால்.

வாசலைப் பூசி முடித்தாயிற்று.
ஓர் அலகு நுழைய இடம் மிச்சம்.

கொண்டுவந்ததைக் கிளையில்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
அடித்து அடித்து மெதுவாக்குகிறது
அலகு.

பிறகு
கீறல் வழியே, அதே அலகு:
பசியாறிட்டியா?

கொண்டுவந்தது குஞ்சு என்று நான் எழுதவில்லை. கவிஞரிடம் கற்ற பாடம், விளக்கக் கூடாது. எழுதியிருந்தால் உங்கப்பா அனுப்ப விட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். அவரிடம் நீட்டினேன். விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது முறை படித்தார். பிறகு சிரித்தார். "என்னைப் பத்தியா எழுதியிருக்கே? பெஞ்சாதிக்குத் தீனிய மெதுவாக்கிக் குடுக்குதுபாரு, பறவைக்குக்கூட எவ்ளோ அன்பு." பத்திரிகையில் வந்ததும் அதை வெட்டி எடுத்துத் தோட்டம் முழுக்கக் காட்டினார். நம்ம பேச்சு வார்த்தையைக் கவிதையில் வைத்துவிட்டாளே என்று எல்லாருக்கும் குஷி. கல்யாணத்தில் வாசித்தார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அடித்து அடித்து என்று ஒரு குழந்தை கையை ஆட்டி ஒப்பித்ததை மேடையில் உட்கார்ந்து கேட்டேன், பக்கத்தில் உங்கப்பா கை தட்டினார். அந்தக் கவிதையைச் சரியாகப் படித்தது உங்கப்பா ஒருவர்தான், பார்த்துக்கொள். தன்னைப் பற்றியது என்று கண்டுபிடித்துவிட்டார். அதில் தப்பு இருப்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவரே கேட்டார், "பொட்டப் பறவை தானாத்தானே உள்ள போய் அடைச்சிக்குது, யாரும் பூட்டலையே?" என்று. உனக்கும் அப்படி ஒரு கேள்வி வரும், அம்மா ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. அடித்தவர் கேட்காத மன்னிப்பை அடி வாங்கியவள் ஏன் கேட்க வேண்டும்? அந்தப் பறவை முட்டைக்காக அடைத்துக்கொள்கிறது. நேரம் வந்ததும் உடைத்துக்கொண்டு வெளியே வர அதற்கு அலகு இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு கை, அதுவும் கட்டுப்போட்ட கை. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. உனக்கு அவர் நல்ல அப்பா. அவர் செத்தபோது நீ அழுத அழுகையைப் பார்த்து, இது என்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம்வரை அப்படித்தான் இருந்தேன்.

போன வாரம் என்ன நடந்தது என்று நீ சொல்வாயா, நான் சொல்லட்டுமா? ப்ளவுஸ் அளவு கொடுக்கப் பாடாங் செராய்க்குப் போனோம், நீ, நான், தர்ஷினி. தையல் கடையை விட்டு வெளியே வந்து அவள் ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள். கிளினிக்கில் கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ அனுப்பியிருந்தார்கள். "யாரு?" என்றாய். "சும்மா லா, குரூப்ல," என்றாள். நீ ஃபோனைப் பிடுங்கினாய். அவள் எட்டி வாங்கப் பார்த்தாள். நீ அவள் பின்னங்கழுத்தைப் பிடித்துக் காருக்குள் தள்ளினாய். நெற்றி கதவு விளிம்பில் இடித்தது. நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன், கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. "டேய்," என்று கத்தினேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா வெளையாட்டு," என்றாய். அவளும் "ஒண்ணுமில்ல அத்தை," என்றாள். நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிக்கொண்டு வந்தது.

அது போதாதென்று கொஞ்ச தூரம் போய்க் காரை நிறுத்தினாய். இறங்கிப் போய் ரொட்டி சானாய் வாங்கி வந்தாய். பொட்டலத்தின் ரப்பரை நீயே கழற்றி, ரொட்டியை நீயே பிய்த்து, குழம்பில் தொட்டு அவள் வாய்க்கு நேராக நீட்டினாய். "கோவமா? பசியாறு தர்ஷி," என்றாய். அதே குரல், தம்பி. உங்கப்பாவின் தொண்டையை எடுத்து உன் தொண்டையில் வைத்துத் தைத்துவிட்டார்களா? அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்தேன். அதைத் தொடர்ந்து நேற்று இந்தக் கார்டு வருகிறது, பசியாறிட்டியா என்று தங்க எழுத்தில் போட்டுக்கொண்டு.

நீ கவிதை எழுதக் கற்றுக்கொடும்மா என்று பலமுறை கேட்டாய், நான் சிரித்துத் தட்டிக்கழித்தேன். இப்போது கற்றுக்கொடுக்கிறேன். உட்கார்ந்து அன்றைக்கு நீ செய்ததை எழுது. நான் கற்ற வழியில் எழுது. தீர்ப்பு வேண்டாம், 'போல' வேண்டாம், முக்கியமாக 'அதனால்' வேண்டாம். அவள் சிரித்ததனால் என்று எழுதாதே, அது விளக்கம். வேலையில் பிரச்சினை, மண்டையில் சூடு என்று எழுதாதே. கழுத்தைப் பிடித்தேன் என்று எழுது. தள்ளினேன் என்று எழுது. நெற்றி இடித்தது என்று எழுதி நிறுத்து. நிறுத்திவிட்டு அதையே பார். உங்கப்பா ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லை, எப்போதும் ஏதோ ஒரு 'அதனால்' வைத்திருந்தார். நான் பூ வைத்ததனால், நான் வாயாடியதனால், சோறு குழைந்ததனால். நீ அந்தச் சொல் இல்லாமல் ஒருமுறை உன் கையைப் பார்த்துவிட்டால் உனக்கு இன்னும் வழி இருக்கிறது என்று நம்புகிறேன். நம்பத்தான் ஆசைப்படுகிறேன். பினாங்கில் இதற்கென்று மனநல ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்களாம், விசாரித்து வைத்திருக்கிறேன், நானும் கூட வருகிறேன். கல்யாணத்தை அதுவரை தள்ளி வை.

இவ்வளவையும் இன்று காலை எழுதி முடித்து, உனக்கு அனுப்புவதற்கு முன் தர்ஷினியை வரச் சொன்னேன். உனக்கு முன்னால் அவள் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். வந்தாள். நெற்றி வீக்கம் வடிந்திருந்தது. கார்டைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "அத்தை, தையல்காரம்மாகிட்ட ப்ளவுஸ் கைய முழங்கை வரைக்கும் வைக்கச் சொல்லிட்டேன், பரவால்லதானே?" என்றாள். அளவு கொடுத்த அன்று குட்டைக் கைதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தது எனக்கு நன்றாகத் தெரியும். தாள்களை அவள் கையில் கொடுத்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். தாள் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தால், அவள் இடது கையின் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மேல்கையில் ஐந்து விரல். நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள் பூத்திருக்கிறது. எனக்கு அந்த நிறங்கள் எல்லாம் நாள் கணக்கோடு தெரியும்.

"இது நேத்து முந்தாநேத்து இல்ல அத்தை. கார்ல நடந்ததுக்கு அப்புறம், உடனே அடுத்த நாள்," என்றாள்.

"சாப்பாடு வாங்கிக் குடுத்தானா?" என்று கேட்டேன்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "கல்யாணத்துக்கு அப்புறம் சரியாயிடும்தானே அத்தை? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

எனக்கு நீ வயிற்றில் உதைத்தது ஞாபகம் வந்தது. நீ முதல் அடி எடுத்து வைத்தது, காய்ச்சலில் என் மேலேயே தூங்கியது, எல்லாம் வந்தது. ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், எனக்கு மருமகள் வருவாள், பேரன் வருவான். "ஆகாது," என்று சொன்னேன்.

அவள் தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். சிடாம் கிரியிலிருந்து அவர் கிளம்பிவிட்டார். அவர் வந்ததும் இந்தத் தாள்களை அவரும் படிப்பார், பிறகுதான் உனக்கு. கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் சொல்வாள், நான் இல்லை, நீயும் இல்லை. அவள் வேண்டாம் என்றால் மண்டபத்துக்குச் சொல்லப் போவதும், சொந்தக்காரர்களிடம் காரணத்தோடு சொல்லப் போவதும் நான்தான். நீ படித்த அடுத்த நிமிஷம் காரை எடுத்துக்கொண்டு இங்கே வருவாய், எனக்குத் தெரியும். வா. நான்தான் கதவைத் திறப்பேன். பேச வந்திருந்தால் உட்கார், சாயங்காலம்வரை பேசலாம். கையை ஓங்கினாய் என்றால், இந்த முறை நான் பறவையைப் பற்றி எழுத மாட்டேன், தம்பி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அப்பா பெயரோடு சேர்த்து உன் முழுப்பெயரையும் சொல்லி ரிப்போர்ட் எழுதுவேன்.

அம்மா